14 நாளா, 28 நாளா? பெடரல் நீதிமன்றத்தில் மேன்முறையீட்டு அனுமதி கேட்பது பற்றி

கேள்வி:

அக்கா வணக்கம். என் தம்பி 2013 இல் அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவர். சொந்த ஊர் மன்னார்ப் பக்கம். ஷெவ் என்ற தற்காலிகப் பாதுகாப்பு விசாவுக்குப் போட்டதைக் குடிவரவுத் திணைக்களம் 2017 இல் நிராகரித்தது. 2018 இல், அந்த முடிவை மீளாய்வு செய்த ஐ.ஏ.ஏ. அமைப்பும் அதையே உறுதிசெய்தது. ஒருமுறைகூடக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. ஊர்ப் பங்குத்தந்தை எழுதிய கடிதம் ஒன்றை ஐ.ஏ.ஏ.க்கு அனுப்பியிருந்தோம், அதை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. பிறகு தெரிந்த ஒருவர் காசு வாங்கிக்கொண்டு சேர்க்கிட் கோட்டுக்குப் படிவம் நிரப்பித் தந்தார். வருடக்கணக்காகக் கிடந்த கேஸ் போன கிழமை செவ்வாய்க்கிழமை கூப்பிடப்பட்டு, கொஞ்ச நேரத்திலேயே தள்ளுபடி. "வாதிடக்கூடிய வழக்கு இல்லை" என்று நீதிபதி சொன்னதாக உரைபெயர்ப்பாளர் சொன்னார். படிவம் நிரப்பியவர், 28 நாள் இருக்கிறது, அவசரப்படவேண்டாம் என்கிறார். கோவிலில் கண்ட ஒருவர், பெடரல் கோட்டில் முதலில் அனுமதி எடுக்கவேணும் என்கிறார். என்ன அனுமதி அது? தம்பியின் பெயர் வெளியே வந்தால் ஊரிலுள்ள அம்மாவுக்குக் கரைச்சல் வருமோ? தம்பிக்கு கோட் என்றாலே நடுக்கம், அவருக்காக நான் போய்ப் பேசினால் போதாதா?
– டன்டினோங்கிலிருந்து ஒரு சகோதரி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மின்னஞ்சல் கிடைத்த அன்றே ஒரு வரி தனியாக அனுப்பியிருந்தேன்: 28 நாள் இல்லை, 14 நாள், வருகிற செவ்வாய் பின்னேரம் நாலரை மணிக்கு முன் விண்ணப்பம் பெடரல் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அதன் விளக்கத்தையும் மற்றக் கேள்விகளுக்கான பதிலையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் தம்பியின் நிலையில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

28 நாள் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, பாதியை மட்டும் தெரிந்துவைத்திருக்கிறார். சேர்க்கிட் நீதிமன்றம், அதாவது இன்றைய பெயரில் பெடரல் சேர்க்கிட் மற்றும் குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாம் பிரிவு, முழு விசாரணை வைத்து இறுதித் தீர்ப்புச் சொன்னால் யாருடைய அனுமதியும் இல்லாமல் பெடரல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குத்தான் 28 நாள். உங்கள் தம்பியின் வழக்கு அந்தக் கட்டத்துக்குப் போகவே இல்லை. வாதிடத்தக்க வழக்கே இல்லை என்று சொல்லி முதற்படியிலேயே முடித்துவிட்டார்கள். வழக்கு முடிந்த பிறகு இதை "இடைக்காலத் தீர்ப்பு" என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது அப்படித்தான். பெடரல் நீதிமன்றச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி இடைக்காலத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்ய முதலில் அந்த நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்கத் தரப்படும் காலம் 14 நாள்.

நாளை எண்ணத் தொடங்குவது நீதிபதி கட்டளையை வாயால் சொன்ன நாளிலிருந்து. எழுத்துமூலத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து இல்லை. இதில் தவறுகிறவர்கள் ஏராளம். இப்படியான வழக்குகளில் நீதிபதிகள் காரணங்களை அங்கேயே வாய்மொழியாகச் சொல்லிவிடுவார்கள், தட்டெழுதிய பிரதி பிறகுதான் வரும். அது வரட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். கையிலுள்ள கட்டளையை மட்டும் வைத்துப் போடுங்கள், காரணங்கள் வந்தபின் விண்ணப்பத்தைத் திருத்த அனுமதி கேட்கலாம். இணையவழி அனுப்புவதானாலும் நாலரைக்குப் பிறகு வந்தது அடுத்த வேலைநாளில் வந்ததாகவே கணக்கு.

14 நாள் தாண்டிவிட்ட வாசகர்கள் கால நீடிப்பும் சேர்த்துக் கேட்கவேண்டும். எத்தனை நாள் பிந்தியது, ஏன் பிந்தியது, அனுமதி கிடைத்தால் வெல்ல இடமிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாலைந்து நாள் பிந்தி, காரணமும் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் அதிலேயே வழக்கு விழுந்துவிடாது. மாதக்கணக்கென்றால் கஷ்டம்.

இனி, அனுமதிக்கு நீதிமன்றம் எதைப் பார்க்கும் என்பது. 1991 இல் டெக்கோர் என்ற நிறுவனத்துக்கும் டார்ட் என்ற நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் சொல்லப்பட்ட இரண்டு கேள்விகளைத்தான் இன்றும் கேட்கிறார்கள். அது சமையலறையில் மாவும் சீனியும் போட்டுவைக்கும் பிளாஸ்டிக் டப்பாவின் மூடிக்கான காப்புரிமைச் சண்டை! அதில் பிறந்த அளவுகோலால்தான் மன்னாரிலிருந்து வந்தவரின் வழக்கும் அளக்கப்படுகிறது. முதலாவது: கீழ்நீதிமன்றத்தின் தீர்ப்பு, மறுபடி பார்க்கவேண்டிய அளவுக்குச் சந்தேகத்துக்கு இடமானதா? இரண்டாவது: அந்தத் தீர்ப்புப் பிழை என்று வைத்துக்கொண்டால், அனுமதி மறுப்பதால் பாரிய அநீதி ஏற்படுமா? அகதி வழக்கில் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். வழக்கு நிற்பதும் விழுவதும் முதலாவதில்தான்.

தம்பி ஊரில் பட்டதெல்லாம் அந்த முதல் கேள்விக்குப் பதில் ஆகாது. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் அவர் மறுபடியும் அதே இடத்தில் விழுவார். தம்பி அகதியா இல்லையா என்பதை சேர்க்கிட் நீதிமன்றமும் தீர்மானிப்பதில்லை, பெடரல் நீதிமன்றமும் தீர்மானிப்பதில்லை. ஐ.ஏ.ஏ. தனக்குச் சட்டம் தந்த அதிகாரத்தைச் சட்டப்படி பாவித்ததா என்பது மட்டுமே கேள்வி. சட்டத்தரணிகள் இதை அதிகார வரம்புப் பிழை என்பார்கள். உங்கள் படிவத்தில் அந்த "தெரிந்தவர்" எழுதிக் கொடுத்த மூன்று காரணங்களையும் பார்த்தேன். முடிவு நியாயமற்றது, ஆபத்தைச் சரியாக எடைபோடவில்லை, இயற்கை நீதி மீறப்பட்டது. பெயரை மட்டும் மாற்றி இதே மூன்று வரிகளோடு வந்த வேறு படிவங்களையும் கண்டிருக்கிறேன். அவற்றை வைத்துக்கொண்டு எந்த நீதிபதியும் வேறு முடிவுக்கு வந்திருக்கமாட்டார். அந்த நீதிபதியில் கோபப்பட்டுப் பயனில்லை.

ஆனால் நீங்கள் இணைத்தனுப்பிய ஐ.ஏ.ஏ. முடிவின் பக்கங்களில் ஒரு பந்தி என்னை நிறுத்தி வைத்தது. பங்குத்தந்தையின் கடிதம் பற்றிய பந்திதான். "கணக்கிலேயே எடுக்கவில்லை" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எடுக்கவில்லை என்பதைவிட, எப்படி எடுக்காமல் விட்டார்கள் என்பது முக்கியம். அந்தப் பந்தியின் சாரம் இதுதான்: கடிதம் சொல்லும் சம்பவம், அதாவது இரண்டு பேர் ஊருக்கு வந்து தம்பியைப் பற்றி விசாரித்தது, 2016 இல் நடந்தது, திணைக்களத்தின் முடிவு 2017 இல், ஆகவே முன்பே தந்திருக்கலாம், விதிவிலக்கான சூழ்நிலை எதுவும் தெரியவில்லை, கடிதத்தை ஏற்கவில்லை. அவ்வளவுதான்.

2012 ஓகஸ்ட் 13 க்கும் 2014 ஜனவரி 1 க்கும் இடையில் படகில் வந்தவர்களுக்காக உருவாக்கிய விரைவுப் பாதையில், ஐ.ஏ.ஏ. பொதுவாகத் திணைக்களத்திடம் இருந்த கோப்பை மட்டுமே பார்த்து வந்தது. புதுத் தகவலை ஏற்பதானால் குடிவரவுச் சட்டத்தின் 473DD பிரிவைத் தாண்டவேண்டியிருந்தது. விதிவிலக்கான சூழ்நிலை இருக்கவேண்டும். அதோடு இரண்டில் ஒன்றாவது இருக்கவேண்டும்: ஒன்று, அந்தத் தகவலை முன்பே தந்திருக்க முடியாமல் இருந்திருக்கவேண்டும்; அல்லது, அது நம்பத்தக்க, அந்த நபரைப் பற்றிய தகவலாகவும், முன்பு அறியப்படாததாகவும், அறிந்திருந்தால் முடிவைப் பாதித்திருக்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும். 2020 இல் AUS17 என்ற வழக்கில், நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் இதை விளக்கிச் சொன்னது. ஐ.ஏ.ஏ. இந்த இரண்டையும் பார்க்கவேண்டும். பார்த்து, அதில் தேறியதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் விதிவிலக்கான சூழ்நிலை உண்டா என்று முடிவெடுக்கவேண்டும். முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பை மூடக்கூடாது.

இப்போது அந்தப் பந்தியை மறுபடி வாசியுங்கள். முன்பே தந்திருக்கலாம் என்பது இருக்கிறது. பங்குத்தந்தை நம்பத்தக்கவரா, அவர் சொன்னது முடிவை மாற்றக்கூடியதா என்று ஒரு சொல்லாவது இருக்கிறதா? நான் பார்த்த பக்கங்களில் இல்லை. முடிவின் மற்றப் பக்கங்களில் வேறெங்காவது அதைத் தொட்டிருக்கிறார்களா என்று முழுவதும் தேடுங்கள். தொட்டிருந்தால் இந்த வாதம் மெலிந்துவிடும்.

பிழை இருந்தால் மட்டும் போதாது, அது முடிவைப் பாதித்திருக்கக்கூடிய பிழையாகவும் இருக்கவேண்டும். 2024 இல் LPDT வழக்கில் உயர் நீதிமன்றம், முடிவு வேறுவிதமாக வந்திருக்க யதார்த்தமான வாய்ப்பு ஒன்று இருந்தாலே போதும் என்றது. தம்பியை நிராகரித்ததற்கு ஐ.ஏ.ஏ. சொன்ன முக்கிய காரணம், அவர் வெளிக்கிட்ட பிறகு யாரும் அவரைத் தேடி வரவில்லை என்பது. தேடி வந்தார்கள் என்று சொல்லும் ஒரே தாள் அந்தக் கடிதம். இதைவிட நேரான தொடர்பு கிடைப்பது அரிது.

ஒரு தடை இருக்கிறது, மறைக்கமாட்டேன். இந்தக் காரணம் சேர்க்கிட் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. அங்கே சொல்லாததை மேலே புதிதாகச் சொல்வதற்கும் தனியாக அனுமதி வேண்டும். நீதியின் நலன் கருதி அது தேவையா என்று பார்ப்பார்கள். வலுவான காரணமா, முன்பு ஏன் சொல்லவில்லை, இப்போது சொல்வதால் வழக்கின் எதிர்த்தரப்பான குடிவரவு அமைச்சருக்குப் பாதிப்பா என்பவை கேட்கப்படும். தம்பிக்குச் சட்டத்தரணி இருக்கவில்லை. அவர் சேர்க்கிட் நீதிமன்றத்தில் போட்டபோது AUS17 தீர்ப்பே வந்திருக்கவில்லை. புதுச் சாட்சி எதுவும் தேவையில்லை, எல்லாம் ஐ.ஏ.ஏ. முடிவிலேயே இருக்கிறது. மூன்றுமே அவர் பக்கம். வெற்றி நிச்சயம் என்று சொல்லமாட்டேன். போடத்தகுந்த வழக்கு என்று சொல்வேன்.

விண்ணப்பத்தோடு போகவேண்டியவை: சேர்க்கிட் நீதிமன்றக் கட்டளை, தீர்ப்பின் காரணங்கள் வந்திருந்தால் அவை, ஒரு சத்தியக்கடதாசி, மேன்முறையீட்டு அறிவித்தலின் வரைவு. சத்தியக்கடதாசியை வாழ்க்கை வரலாறாக எழுதவேண்டாம். எந்தத் திகதியில் என்ன முடிவு, கடிதம் எப்போது எந்த மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது, ஏன் முதலில் இந்தக் காரணம் சொல்லப்படவில்லை, ஏன் அனுமதி தரவேண்டும் என்பவை போதும். ஐ.ஏ.ஏ. முடிவு முழுவதையும், பங்குத்தந்தையின் கடிதத்தையும், அது அனுப்பப்பட்ட மின்னஞ்சலின் பிரதியையும் இணையுங்கள். அந்த மின்னஞ்சல் யாருடைய கணக்கில் கிடக்கிறது என்று இன்றே தேடுங்கள். படிவம் நிரப்பியவருடைய கணக்கில் என்றால், கோபத்தை அடக்கிக்கொண்டு அதை வாங்கிவிட்டுப் பிறகு பேசிக்கொள்ளலாம். தம்பிக்கு ஆங்கிலம் போதாதென்றால், சத்தியக்கடதாசி அவருக்குத் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது என்ற உரைபெயர்ப்பாளரின் குறிப்பும் வேண்டும். ஜே.பி. (சமாதான நீதவான்) ஒருவர் முன் இலவசமாகவே கையெழுத்து வைக்கலாம்.

வரைவு அறிவித்தலில் ஒரே ஒரு காரணத்தைப் போடுங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் பிடித்து உள்ளே போடுவார்கள் என்பதையும் சேர்க்கச் சொல்லிச் சிலர் சொல்வார்கள். சட்டவிரோதமாக நாட்டைவிட்டு வெளியேறியதற்காகக் கொஞ்ச நாள் நெருக்கடியான சிறையில் வைப்பது பற்றி 2017 இல் SZTAL வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. துன்புறுத்தவேண்டும் என்ற உண்மையான நோக்கம் அதிகாரிகளுக்கு இருக்கவேண்டும் என்றது பெரும்பான்மை. அதை மறுபடி கிளறினால் நல்ல காரணமும் சேர்ந்து மங்கிப்போகும். 2018 க்குப் பிறகு ஊரில் நடந்த புதுச் சம்பவங்களும் இந்த வழக்குக்கு உதவாது.

செலவைப் பற்றியும் தெரிந்துவைத்திருங்கள். நீதிமன்றக் கட்டணத்துக்கு விலக்கு உண்டு, சலுகை அட்டை இருப்பவர்களும் தடுப்பிலிருப்பவர்களும் கேட்கலாம். தோற்றால் அமைச்சரின் வழக்குச் செலவைக் கட்டவேண்டிவரும், அது ஆயிரக்கணக்கான டாலர். சேர்க்கிட் நீதிமன்றத்தில் ஏற்கெனவே ஒரு செலவுக் கட்டளை விழுந்திருக்கும், கட்டளைத் தாளில் இரண்டாவது வரியைப் பாருங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் அதற்கு மேலே கதவு பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

வென்றால் என்ன? நீதிமன்றம் விசா தராது, முடிவை இரத்துச்செய்து மறுபடி தீர்மானிக்க அனுப்பும். ஆனால் இங்கேதான் இப்போது பெரிய வித்தியாசம். 2024 ஒக்ரோபர் 14 முதல் ஐ.ஏ.ஏ. இல்லை. திருப்பி அனுப்பப்படும் வழக்கு புதிய நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். இத்தனை வருடமும் ஒருவரும் கேட்காத கதையை, பங்குத்தந்தையின் கடிதத்தையும் 2018 க்குப் பிறகு நடந்தவற்றையும் சேர்த்து, தம்பி அங்கே ஓர் உறுப்பினரின் முன் இருந்து சொல்லலாம். பாதுகாப்புக்குத் தகுதியானவர் என்று முடிவானால் கிடைக்கக்கூடியதும் பழைய தற்காலிக விசா இல்லை. 2023 பெப்ரவரியில் வந்த மாற்றத்தின்படி நிரந்தர விசா. மெல்பேர்ண் டொக்லண்ட்ஸிலுள்ள திணைக்களக் கட்டடத்தின் முன் 2024 இல் இரவு பகலாகப் போராட்டத்தில் இருந்தவர்களில் பலர், இந்த மாற்றம் வரும்போது ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டிருந்ததால் வெளியே விடப்பட்டவர்கள். உங்கள் தம்பிக்கு அந்த வரிசையிலிருந்து வெளியேற ஒரு சட்ட வழி இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அமைச்சருக்கு மனுப் போடலாமே என்று கேட்பீர்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது அவற்றைப் பொதுவாக எடுத்துப் பார்ப்பதில்லை. வழக்கை முதலில் பாருங்கள்.

வழக்கு முடியும்வரை தங்கத் தந்திருக்கும் பிரிட்ஜிங் விசா எப்போது முடிகிறது என்று, விசா விபரம் பார்க்கும் வீவோ இணையத்தளத்தில் இன்றே பாருங்கள். மேலே விண்ணப்பம் போட்ட சான்றைத் திணைக்களத்துக்கும் அனுப்பிவையுங்கள். விண்ணப்பம் போட்டதால் மட்டும் நாடுகடத்தல் தானாக நின்றுவிடாது. திணைக்களத்திலிருந்து புறப்படச் சொல்லி எழுத்தில் ஏதாவது வந்தால், அன்றே ஒரு சட்டத்தரணியைப் பிடித்துத் தடையுத்தரவு கேட்கவேண்டும்.

சட்டத்தரணி என்று குறிப்பாகச் சொல்கிறேன். பதிவுபெற்ற குடிவரவு முகவராகவே இருந்தாலும் அவர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. மெல்பேர்ணில் ஃபுட்ஸ்கிறேயிலுள்ள அசைலம் சீக்கர் ரிசோர்ஸ் சென்டர், ரெஃபியூஜி லீகல், விக்டோரியா லீகல் எயிட் மூன்றையும் கேளுங்கள். ஐ.ஏ.ஏ. முடிவின் அந்தப் பந்தியைக் கோடிட்டு முதல் பக்கமாக வைத்துக் கொடுங்கள். குடிவரவு வழக்கைப் போடும் சட்டத்தரணி அதில் வெல்ல நியாயமான வாய்ப்பு உண்டென்று சான்றளித்துக் கையெழுத்து வைக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே அவர்கள் முதலில் தேடுவது பிழை எங்கே என்பதைத்தான், ஆளின் துயரத்தை இல்லை. செவ்வாய்க்கு முன் யாரும் அகப்படாவிட்டால் தம்பியே போடட்டும். போட்டபின், இலவச சட்ட உதவிக்கு ஒருவரை நியமிக்குமாறு நீதிமன்றத்தையே கேட்கலாம், அதற்கு விதி இருக்கிறது.

பெயர் பற்றிய பயம் வேண்டாம். பாதுகாப்பு விசா கேட்டவர்களின் பெயரை நீதிமன்றம் வெளியிடக்கூடாது என்று குடிவரவுச் சட்டம் சொல்கிறது. நான் மேலே சொன்ன AUS17, SZTAL எல்லாம் அப்படி வைக்கப்பட்ட பெயர்கள்தான். தம்பிக்கும் சேர்க்கிட் நீதிமன்றத்தில் அப்படி ஒன்று இருக்கும், விண்ணப்பத்திலும் அதையே எழுதுங்கள். ஆனால் நீதிமன்றம் மறைக்கும் பெயரை நாங்களே முகநூலில் போட்டு நிதி சேர்க்கப் புறப்பட்டால் யாரும் காப்பாற்ற முடியாது.

கடைசியாக, அவருக்குப் பதில் நீங்கள் போகமுடியாது. நீதிபதி அனுமதித்தால் பக்கத்தில் இருந்து தாள் எடுத்துக் கொடுக்கலாம், பேசவேண்டியவர் அவர். அவர் வராவிட்டால், வரவில்லை என்பதற்காகவே வழக்குத் தள்ளுபடியாகலாம். இலங்கைத் தமிழ் விளங்கும் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று நீதிமன்றப் பதிவகத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள், செலவு நீதிமன்றத்துடையது. நீதிபதி சுற்றி வளைக்காமல் கேட்பது, கீழ்நீதிமன்றத்தின் தீர்ப்பில் என்ன சந்தேகம் என்றுதான். அதற்கு அரைப் பக்கத்தில் பதில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: ஐ.ஏ.ஏ. முடிவின் எந்தப் பந்தி, அதில் எந்தக் கேள்வி கேட்கப்படவில்லை, அந்தக் கடிதம் ஏன் முடிவை மாற்றியிருக்கலாம். கை நடுங்கினாலும் பரவாயில்லை, பார்த்து வாசிக்கட்டும். நினைவிலிருந்து சொல்லவேண்டும் என்று எந்த நீதிபதியும் எதிர்பார்ப்பதில்லை.